தொட்டிக்கு அடியில் விரித்த காகிதம்

தண்ணீர் இறங்கவில்லை.

கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் அவன் போட்டிருந்த கோட்டிலேயே நின்றது. மீன்தொட்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன், குழம்பிப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தான்.

ராத்திரி அவன் விரித்தது நகைக்கடை விளம்பரம் போட்ட பக்கம். இப்போது கிடப்பது விளையாட்டுப் பக்கம்.

மூலைகளைத் தடவிப் பார்த்தான். ஈரம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

பழைய சாமான் கடையில் வாங்கிய தொட்டி. வந்த அன்றே ஒழுகியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் சிலிக்கான் பசையைப் பழைய பசைக்கு மேலேயே அப்பினான். பழசைச் சுரண்டி எடுக்காமல் புதுசு பிடிக்காது என்று மீன் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுரண்டப் போய்க் கண்ணாடி மொத்தமும் கழன்று கையோடு வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் பிளேடையே தொடவில்லை.

அச்சகம் மூடியதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவன் அவன். இந்தத் தொட்டிக்காகத்தான் எழுந்தான். இதுவும் காலை வாரிவிட்டால் மறுபடி படுத்துவிடுவான். அது அவனுக்கே தெரியும்.

சமையலறை வாளியில் இரண்டு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே என்று மனைவி நாகஜோதி சந்தோஷமாகத்தான் சொன்னாள். அப்படியானால் மீனை விட்டுவிடலாமா என்று கேட்டான். இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பினாள்.

ஒழுகாத தொட்டிக்கு எதற்குக் கொஞ்ச நாள்?

அன்று ராத்திரி ராசிபலன் பக்கத்தை விரித்தான். தலைப்பு தன் பக்கம் இருக்கும்படி. அச்சகத்தில் வந்த பழக்கம்.

காலையில் கோடு அப்படியே. காகிதம் காய்ந்திருந்தது. ராசிபலனைக் காணோம்.

வேலைதான் போயிற்று, புத்தியுமா போயிற்று என்று அவனுக்குப் பயமாகிவிட்டது.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனான்.

நாகஜோதியின் சேலைக்குப் பின்னால், கொடியில் கிளிப் மாட்டிச் செய்தித்தாள்கள் தொங்கின.

நகைக்கடை விளம்பரம். ராசிபலன். அதற்கும் முந்தைய நாட்களின் பக்கங்கள்.

எடைக்குப் போடுகிற காகிதத்தை வீணாக்க அவளுக்கு எப்போதுமே மனசு வராது.

அவன் கண் விழிக்கும் முன் நனைந்ததை எடுத்துவிட்டு வேறு விரித்திருக்கிறாள். கோடு வரைக்கும் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறாள்.

முதலில் கோபம் வந்தது. பிறகு வந்தது என்னவென்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தூறல் விழும்வரை அங்கேயே நின்றான்.

அப்போதுதான் கறைகளைப் பார்த்தான். எல்லாக் காகிதத்திலும் பழுப்பாக, ஒரே மூலையில்.

ஒன்றை உருவிக் கீழே கொண்டுவந்தான். தலைப்பைத் தன் பக்கம் வைத்துத் தொட்டிக்கு அடியில் தள்ளினான். வலது பக்கப் பின்மூலைக்குக் கீழே கறை கச்சிதமாய்ப் போய் உட்கார்ந்தது.

அங்கே மட்டும் அவன் பசை வைத்ததே இல்லை.

சாயங்காலம் நாகஜோதி உள்ளே வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. தரையில் ராசிபலன் பக்கம். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூலையில் பழைய பசைக்குள் பிளேடை இறக்கிக்கொண்டிருந்தான்.

"கழண்டா கழலட்டும். நீ அந்தப் பக்கம் பிடிச்சுக்க."

தோள்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து, அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.