பூங்காவில் ஓர் ஏலம்

"இருநூத்தி நாப்பது பேருங்க சார். பாதி கையெழுத்து, பாதி கைநாட்டு. எல்லாம் நம்ம ஊர் ஆளுங்கதான்."

ராமக்காள் மனுவை மேசைமேல் வைத்தாள். பஞ்சாயத்து போர்டு நிர்வாக அதிகாரி நல்லபெருமாள் அதைத் தொடக்கூட இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம். இன்னும் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"பூங்கா ஜனங்க உட்கார்றதுக்கும்மா. ஆடு மாடு கட்டுறதுக்கு இல்லை. மேலிடத்து உத்தரவு வந்தாச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏலம்."

"அந்த முட்டையும் பாலும் பால்வாடிப் புள்ளைங்களுக்குத்தானுங்க போவுது," என்றாள் கூட வந்த அமீருன்னிசா.

"ரூல்ஸ்ல பால்வாடி இல்லை. போயிட்டு வாங்க."

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது?

சீட்டாட்டக்காரர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த பூங்கா அது. நான்கு வருஷத்துக்கு முன்பு, அறுபத்தைந்தில், மாதர் சங்கப் பெண்கள் அதன் ஒரு மூலையில் முள்வேலி போட்டு இரண்டு ஆடுகளைக் கட்டினார்கள். இப்போது ஏழு ஆடு, ஒரு பசு, பத்திருபது கோழி, நாலு வாத்து, ஒரு ஜோடி முயல். சாயங்காலமானால் ஊர்க் குழந்தைகள் மொத்தமும் அங்கேதான். ராமக்காளோ வீட்டில் இருந்ததைவிட அந்த வேலிக்குள் இருந்த நேரம்தான் அதிகம்.

மனு எடுபடவில்லை என்றதும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சுவரில் கரியால் எழுதினார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். எம்.எல்.ஏ. வீட்டுக்கும் போனார்கள், அவர் காபி கொடுத்து அனுப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால் கறக்கும்போது ராமக்காளுக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு யாரு வூட்டுல இருப்பியோ, போ," என்று பசுவிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து மணிக்கு எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவள், வேலி ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் மஞ்சள் துணி. பசுவின் கொம்பில் மஞ்சள் துணி. கோழி, வாத்து, முயல் ஒன்று பாக்கியில்லை. சாமிக்கு நேர்ந்து விட்டதற்கு அடையாளம் அது. அதை விலை பேசுகிறவன் குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

நல்லபெருமாள் குதியாய்க் குதித்தார். "யார் கட்டினது இதை? சாமி காரியத்தில் விளையாட்டா? எல்லாரும் நல்லா பாருங்கய்யா, ஒவ்வொண்ணுத்துக்கும் மஞ்சள் துணி!"

அவர் போட்ட சத்தத்தில், பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து வந்து ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்த வியாபாரிகள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஆட்டு வியாபாரி ஹயாத் பாஷா இரண்டடி பின்னால் போனார். "சாமிக்கு விட்டதைத் தொட மாட்டேனுங்க. நாளைக்கு இந்த ஊருக்குள்ள நான் தொழில் பண்ண வேணாமா?"

"நீங்க கேளுங்கய்யா!" என்றார் அதிகாரி, மாட்டுத் தரகர் காளியப்பனைப் பார்த்து.

"முனியப்பன் சோலியில நான் தலையிடுறதில்லைங்க. ஆளை வுடுங்க."

மூன்று தரம் கூவியாயிற்று. ஒரு குரல்கூட எழவில்லை.

"கேட்பார் இல்லை. மாற்று உத்தரவு வரும்வரை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்னு எழுதிடறேன். ரூல்ஸ் அதான்," என்று விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நல்லபெருமாள் கிளம்பிப் போனார்.

பெண்கள் போட்ட கூச்சலில் கோழிகள் வேலிமேல் ஏறிக்கொண்டன. ராமக்காள் அமீருன்னிசாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கெட்டிக்காரிடி நீ! ஆனா, முயலுக்குமா கட்டுவ? முயலை எந்தச் சாமிக்குடி நேர்ந்து வுடுவாங்க?"

"அய்யோ அக்கா, நான் கட்டலை! நீங்கன்னுல்ல நெனச்சேன்!"

சென்னம்மாளைக் கேட்டார்கள், பெரியம்மாளைக் கேட்டார்கள். சங்கத்தில் ஒருத்தியும் கட்டவில்லை. கடைசியில், முனியப்பனே இறங்கி வந்துவிட்டார் என்று முடிவு கட்டி எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அமீருன்னிசா மட்டும் சிரித்துக்கொண்டாள்.

ராமக்காளுக்கு மனசு நிறைந்துபோய்விட்டது. நிறைந்த மனசில் கோபம் எங்கே நிற்கும்? நல்லபெருமாள்மேல் பரிதாபமே வந்தது. ஊர் முன்னால் தோற்றுப்போன மனுஷன். பால்வாடிக்குப் போக மிச்சமிருந்த ஆறு முட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

அதிகாரியின் மனைவி கோமதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தவள் போலிருந்தது.

"வாங்க ராமக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்க. திருச்செந்தூருக்கு நடக்கையில கட்டின மஞ்ச வேட்டி, பெட்டியில பத்திரமா வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில இவுக அதை எடுத்துத் துண்டு துண்டா வெட்டிப் பைக்குள்ள அள்ளிப் போட்டுட்டுப் போறாக. ஏன்னு கேட்டா, ஆபீஸ் ஃபைல் கட்டுறதுக்காம்!"