தெருவுக்குப் போன கஸ்டர்ட்

"ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கலையா மாமி?"

காலிப் பாத்திரத்தைப் பார்த்ததும் ரெஹானாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணமாகி இந்தக் கம்பம் வீட்டுக்கு வந்தபின் அவள் தனியாகச் செய்த முதல் பண்டம் அது. நோன்பு திறக்கும்போது கணவன் உமர் பாருக் வாயால் ஒரு 'நல்லாயிருக்கு' வாங்கிவிட வேண்டுமென்று, மத்தியானம் முழுக்க அடுப்படியில் கிடந்து செய்த ஃப்ரூட் கஸ்டர்ட். சாயங்காலத் தொழுகையை முடித்துவிட்டு வருவதற்குள், மாமியார் ஜெய்த்தூன் பீவி அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவுக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"புதுப்பொண்ணு கைப்பண்டம் நாலு வீட்டுக்குப் போனாத்தான்த்தா பரக்கத்து. பக்கத்து வீட்டு மலையம்மா ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக்கிட்டா. ஹாஜியார் வீட்ல தேனா இருக்குன்னாக."

"மச்சானுக்காவது ஒரு வாய்..."

"அவனுக்கென்ன, கஞ்சி இருக்கு, வடை இருக்கு."

பெற்ற பிள்ளைக்குக்கூட வைக்காமல் ஊருக்கு அள்ளிக் கொடுத்து நல்ல பேர் வாங்குகிற மாமியாரை என்னவென்று சொல்வது? ரெஹானா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, கடையிலிருந்து உமர் பாருக் போன் செய்தான்.

"ரெஹானா, நேத்து கஸ்டர்ட்ல ஐஸ் பழம் போட்டியே, எந்தப் பாக்கெட்டு?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைத் தோட்டமாக இருக்கிற ஊரில், போனில் பார்த்த சமையல் குறிப்பில் ஸ்ட்ராபெரிதான் போடச் சொன்னார்கள் என்று சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் தேடி வாங்கி வந்த மகராசி அவள்.

"செவப்புப் பாக்கெட்டு மச்சான். ஏன்?"

"போச்சு! அதத்தான் கம்பெனிக்காரன் திருப்பி எடுக்குறானாம். மஞ்சக்காமாலை வைரஸ் இருக்கலாம்னு சந்தேகமாம். சூப்பர் மார்க்கெட்காரர் வாங்குன ஆளுகளுக்கெல்லாம் போன் போட்டுக்கிட்டிருக்காரு. நல்லவேளை, நம்ம வீட்ல யாரும் திங்கல."

நம் வீட்டில் தின்னவில்லை. தெருவே தின்றிருக்கிறதே!

மலையம்மாளின் மகள் உமாதேவி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். மலையம்மாள் கேட்டு வாங்கிய இரண்டாவது கிண்ணம் வேறு யாருக்காக இருக்கும்?

'அல்லாவே, அந்தப் புள்ளத்தாச்சிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது.'

மாமியார் குளித்துக்கொண்டிருந்தாள். சொல்லக்கூட நிற்காமல் ரெஹானா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

உமாதேவி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உமாக்கா, நேத்து கஸ்டர்ட் எவ்வளவு தின்னீக? மறைக்காமச் சொல்லுங்க!"

"என்ன கஸ்டர்ட்டு?"

"மாமி கொண்டாந்து குடுத்தாகல்ல, அது!"

சத்தம் கேட்டு மலையம்மாள் வெளியே வந்தாள். "பீவியக்கா நேத்து இங்கன வரவே இல்லையே தாயி. ஏன், என்னாச்சு?"

"நெசமாவே ஒரு வாய்கூடத் திங்கலயா?"

"குடுக்காததை எப்படித் திங்கறது?"

ரெஹானா அப்படியே உமாதேவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். விஷயத்தைக் கேட்ட மலையம்மாள் தண்ணீர் கொண்டுவரப் போய், நோன்பு நினைவுக்கு வந்து செம்போடு நின்றாள்.

ஹாஜியார் வீட்டிலும் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் வரவில்லை. எதிர்வீட்டிலும் இல்லை.

அப்படியானால் எங்கே போனது? உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு மாமியார் ரகசியமாக அனுப்பிவிட்டாளோ? அங்கே மூன்று சின்னப் பிள்ளைகள்!

மறுபடி பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"மாமி! கஸ்டர்ட்ட மதினி வீட்டுக்கா அனுப்புனீக? அந்தப் பழத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்காம். யாரு தின்னாக, சொல்லுங்க!"

ஜெய்த்தூன் பீவி தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டோடு விழித்தாள்.

"யாரும் திங்கலத்தா. சாக்கடையில ஊத்திட்டேன்."

"மலையம்மா கேட்டு வாங்குனாக, ஹாஜியார் வீட்ல தேனுன்னாக..."

"அதெல்லாம் நானாச் சொன்னது."

ரெஹானாவின் வாய் தானாக 'அல்ஹம்துலில்லாஹ்' என்றது. ஒருத்தரும் தின்னவில்லை. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. நெஞ்சு லேசாகிவிட்டது. லேசான இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நோன்போட நின்னு செஞ்சேன் மாமி. என்னைய யாரும் நல்லா சமைக்கிறான்னு சொல்லிரக் கூடாதுன்னுதான ஊத்துனீக?"

ஜெய்த்தூன் பீவி வாசலை எட்டிப் பார்த்தாள். மகன் வந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நீ பால் காய்ச்சுன சட்டியக் கழுவுறப்ப, ஒட்டியிருந்தத வழிச்சு நாக்குல வச்சேன்த்தா. சுகர் மாத்திரை போடுறவ, எனக்குத்தான் நோன்பு இல்லையே. நோன்பு வாயோட ருசி பாக்காமச் செஞ்சு, சீனிக்குப் பதிலா உப்ப அள்ளிக் கொட்டியிருக்க."

ரெஹானா அடுப்படி அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த சீனி டப்பாவையும் உப்பு டப்பாவையும் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் ஒரு வாய் தின்னிருந்தான்னா போதும். நான் புதுசா வந்தப்ப செஞ்ச பாயசத்தச் சொல்லியே உன் மாமனாரு மவுத்தாகி மண்ணுக்குள்ள போற வரைக்கும் சிரிச்சாக. உனக்கு அது வேணாம்த்தா."