பனியன் துணியில் ஏறிய கறுப்பு

வண்ணம் பூசாத அலுமினியக் கார் ஒன்று இருந்தது. பந்தயத்துக்கென்று செய்த கார்தான், ஆனால் கொட்டகையை விட்டு வெளியே போனதே இல்லை. அதன் முதலாளி தினமும் காலையில் மெருகுப் பசை தடவி, ஒரு பனியன் துணியால் அதன் முன்மூடியான பானெட்டைத் தேய்ப்பார். தன் முகம் அதில் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் காபி குடிக்கப் போவார்.

தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்துப்போகும்.

"ஏண்டி கந்தலே, உன் மேல் எத்தனை அழுக்கு," என்று பானெட் சிரிக்கும்.

பல நாள் தயங்கிய துணி ஒருநாள் சொல்லிவிட்டது. "அக்கா, இது அழுக்கில்லை. நீதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என்னோடு வந்துவிடுகிறாய். உன் விளிம்பு காகிதமாய் மெலிந்துவிட்டது. நாளைக்கு நான் ஒளிந்துகொள்கிறேன். சில நாள் மங்கிக் கிட. அந்த மங்கல்தான் உன்னைக் காக்கும் தோல்."

"மங்கிப்போனால் அவர் என்னைப் பார்ப்பாரா?"

"இப்போது மட்டும் உன்னையா பார்க்கிறார்?"



மறுநாள் துணி கொட்டகை மூலையில் கிடந்த பலகைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. முதலாளி தேடக்கூட இல்லை. போட்டிருந்த பனியனையே கழற்றிக் கிழித்துத் தேய்த்தார். துணி அங்கிருந்தே நாள்தோறும் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஒரு காலை, விளிம்பருகே ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். பானெட்டில் தெரிந்த தன் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி. அழுக்கென்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பசை எடுத்து, அதே இடத்தில் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.