லாரித் தண்ணீர்

"என் கொடத்த நகத்துனது யாரு?"

"நான்தான். அஞ்சு கொடம் ஒனக்கு எதுக்கு, கப்பலா உடப் போற?"

"உடுவேன். ஒனக்கு இன்னா பேஜாரு?"

தண்ணி லாரி வரும்போதெல்லாம் காலடிப்பேட்டையில் சிலுவையம்மாளுக்கும் எதிர்வீட்டுத் தாஹிராவுக்கும் இதே சண்டைதான். அன்று மாநகராட்சி இன்ஜினியர் அதை நின்று பார்த்துவிட்டார்.

"மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலன்னா ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும். எந்தத் தெருவுக்குக் கொடுக்கறதுன்னு யோசிச்சேன். இவ்வளவு சண்டை வேற எங்கயும் இல்ல. வீட்டுக்கு வீடு குழாய் இங்கதான்."

தெருவே கை தட்டியது. தாஹிராவும் தட்டினாள்.

குழாய் வந்தது, லாரி வருவது நின்றது. அதன்பிறகு குடத்தோடு யாரும் வெளியே வரவில்லை.

ஒற்றைக்கட்டை சிலுவையம்மாளுக்கு ஒரு குடம் தண்ணீரே மிஞ்சும். மற்ற நான்கும் சண்டைக்காகவே வரிசையில் நின்றவை. இன்று ஐந்தையும் காலியாகவே தூக்கிவந்து, முன்பு லாரி வந்து நின்ற இடத்தில் வைத்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"தாஹிரா, ஒன் எடத்துல என் கொடத்த வச்சிட்டேன். வந்து கேளுடி."