காரேஜ் முன்னால் ஒரு கறை

"உன் ஓட்டை வண்டி ஒழுகினதுக்கு நான் ஏன்யா முட்டி தேயணும்? நீயே வந்து கழுவு!"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஹார்லன் கத்தினார். அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்த டெல்பர்ட் மெஷினை நிறுத்தினார்.

"எதைச் சொல்றே?"

"காரேஜ் முன்னால இருக்கிற எண்ணெய்க் கறையத்தான். நான் லாரியோட ஊர் ஊரா சுத்துறப்ப என் இடத்துல வண்டிய நிறுத்தியிருக்கே. குளிர்காலம் பூரா! எதிர்வீட்டம்மா நேத்துதான் சொன்னாங்க."

டெல்பர்ட் மறுக்கவில்லை. "ஆமா, நிறுத்தினேன்" என்றார்.

"மார்வா நோயில கிடக்கிறா, கேட்க ஆளில்லேன்னு நினைச்சுட்டே, இல்ல?"

டெல்பர்ட் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உள்ளே போய் வாளியும் பிரஷுமாக வந்தார்.

வீதியிலிருந்து காரேஜ் வரை வெளிறிக் கிடந்த அந்தத் தார்ப்பாதைக்குக் கறுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லி அவர் மனைவி மார்வா வருஷா வருஷம் கேட்டாள். "அடுத்த கோடையில பார்க்கலாம்" என்று ஹார்லனும் வருஷா வருஷம் தட்டிக் கழித்தார். மார்ச்சில் அவள் போய்விட்டாள். இனி யாருக்கு என்று தோன்றினாலும், இந்தக் கோடையில் அடித்தே தீருவது என்று இறங்கிவிட்டார். விரிசலில் முளைத்த புல்லைப் பிடுங்கி, பெருக்கி, விரிசலை அடைத்தாயிற்று. எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் பூச்சு ஒட்டாது. உரிந்து வந்துவிடும்.

டெல்பர்ட் மண்டியிட்டுத் தேய்த்தார். முட்டி வலிக்காரர். முனகிக்கொண்டே தேய்த்தார்.

"அந்த ஓரத்துல இன்னும் இருக்கு" என்றார் ஹார்லன், குழாயைப் பிடித்தபடி.

அதையும் தேய்த்தார். கறை சுத்தமாகப் போயிற்று.

"நல்லா காயவிட்டு அடி ஹார்லன். மார்வாவுக்கு ரொம்ப ஆசை" என்று சொல்லிவிட்டு வாளியோடு நடந்தார்.

'இவனுக்கென்ன தெரியும் அவ ஆசை?' என்று ஹார்லன் பொருமினார்.

சாயங்காலம் சிகாகோவிலிருந்து மகள் கிரெட்டா வந்தாள். காரை வீதியிலேயே நிறுத்திவிட்டு, கையில் காபியோடு நடந்து வந்தவள் காரேஜ் முன்னால் நின்றாள்.

"இங்க இருந்த கறை எங்கப்பா?"

"பக்கத்து வீட்டுக்காரனை மண்டி போட வெச்சுத் தேய்க்க விட்டேன்ல!"

கிரெட்டாவின் முகம் மாறியது. "அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

"என்னத்தச் சொல்லுவான்? குட்டு உடைஞ்சு போச்சு."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. என்கிட்டயும்தான். அவ படுற பாடு தெரிஞ்சா நீங்க வேலைய விட்டுட்டு வந்துடுவீங்க, வேலை போனா இன்சூரன்ஸும் போயிடும், வைத்தியம் நின்னுடும்னு பயந்தா."

ஹார்லன் கழுவிய இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிட்டுப் போகுதுன்னுதானே சொன்னா?"

"வேனே வரலைப்பா. அந்தப் பனியில அம்மா தள்ளாடித் தள்ளாடி வெளிய வர்றவரைக்கும், அவ உட்கார்ற சீட்டு சில்லிடக் கூடாதுன்னு, டெல்பர்ட் மாமா இன்ஜினை அணைக்காம காத்துக்கிட்டு நின்ன இடம் அது."