ஒரு பல்லு தப்பினா

"ரெண்டு மார்க்கும் நேரா வந்தாச்சா?" என்று ஃபோனில் ஜெபின் கேட்டான்.

"இல்ல, ஒரு இத்திரி மேல நிக்குது" என்றாள் அவன் மனைவி ராகேல்.

கரமனையில் வீட்டு முற்றத்தில் ஜெபினுடைய பெரிய காரின் எஞ்சின் ஒன்பது நாளாகப் பிரிந்து கிடந்தது. டைமிங் செயின் தேய்ந்துவிட்டது. வொர்க்‌ஷாப்காரன் கையில் தன் வண்டியைக் கொடுக்க ஜெபினுக்கு மனமில்லை. ஷார்ஜாவில் மெக்கானிக் வேலை பார்க்கும் அவன் சொல்லச் சொல்ல, ராகேலே புதுச் செயினை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நேர்ல பாத்து ரெண்டு வருஷமாச்சு. கேமராவையாவது ஆன் பண்ணுங்களேன்."

"கம்பெனில வீடியோ கால் விடமாட்டான், கேட்டியா? லீவும் தரமாட்டேங்கான். நீ எஞ்சினப் பாரு. செயின் ஒரு பல்லு தப்பி மாட்டினாலும் வால்வு எல்லாம் போச்சு."

அவள் ஸ்பேனரைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். மார்க்குகள் நேராக வந்து நின்றன.

"வந்தாச்சு!"

"மிடுக்கி! இனி அந்த... ஐயோ, ராகேலே, மழை! எஞ்சினத் தார்ப்பாய் போட்டு மூடு! உள்ள தண்ணி எறங்கினா எல்லாம் நாசம்!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "நல்ல வெயிலாக்கும் அடிக்குது."

"இங்க கொட்டுது. பத்து மினிட்டுல அங்கயும் வந்துரும், ஓடு!"

ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுத்து வந்து விரித்தாள். கயிற்றைக் கட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எங்க கொட்டுது?"

ஃபோன் கட்டாகியிருந்தது.

சொன்னபடியே பத்து நிமிடத்தில், பக்கத்து ஊரான விழிஞ்ஞம் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது.

ராகேல் கயிற்றை அவிழ்த்தாள். தார்ப்பாயை உருவி மடித்து, நனையாமல் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.