நீலத்தில் ஒரு சட்டை

இறந்த கணவனின் துணிகளை மாமியார் மூட்டை கட்டிக் கொடுத்துவிடுமுன், சுகந்தி ஒரு சட்டையை வெயில் பட்டால் நீலமாகும் மருந்து பூசிய பெரிய தாளில் விரித்து வெயிலில் காட்டியிருந்தாள். கழுவக் கழுவ, நீலத்தில் வெள்ளையாகச் சட்டை தெரிந்தது. சட்டை மூட்டையோடு போய்விட்டது, இனி இன்னொரு படம் எடுக்க முடியாது. ஈரத்தாளை இரு முனைகளில் பிடித்துத் தொட்டியிலிருந்து தூக்கியபோது மாமியார் வந்தாள்.

"கையைக் குடும்மா. அழுது தீர்த்துடு."

"எந்தக் கையைக் குடுக்கிறது அத்தை? தாள் கிழியப்போகுது! கீழ் முனை ரெண்டையும் பிடிங்க. ஐயோ, இழுக்காதீங்க!"

மாமியார் முனகிக்கொண்டே பிடித்தாள். ஒருவழியாகத் தாளை மேசையில் கிடத்தினார்கள்.

"விடுங்க அத்தை, காயட்டும்."

மாமியார் குனிந்து பார்த்தாள்.

"முழுக்கையை இப்படித் தொங்கவா விட்டிருப்பான் அவன்? முழங்கை வரைக்கும் மடிச்சில்ல விடுவான்," என்றபடி, ஈரத்தாளில் சட்டைக்கையின் நுனியை விரலால் மடிக்கத் தொடங்கினாள்.